மாநாட்டுப் படத்தில் சுகுணா

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெண்களின் அகில இந்திய மாநாடுகளுக்கு வரலாறு எழுதுகிறார்களாம். "மேடம், உங்ககிட்ட பழைய போட்டோ ஏதாவது இருக்கா?" என்றாள். வரலாறே நம்மைத் தேடி வந்தால் தலைகால் புரியுமா? பரணிலிருந்த பெட்டியை அப்போதே இறக்கினேன்.

திறந்ததும் சந்தன வாசனை. டெல்லி மாநாட்டுக்குப் போக வாங்கிய சந்தன சோப்பின் உறையை, அங்கே எடுத்த படத்தோடு போட்டு வைத்திருக்கிறேன். திருத்தணிக்காரர்களுக்குச் சந்தனம் என்றால் முதலில் ஞாபகம் வருவது மொட்டைத் தலைதான். பஸ்ஸில், ஓட்டலில், பாத்திரக் கடையில், எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய தலைகள். வேறு ஊரில் ஒரு பெண் மொட்டைத் தலையோடு நடந்தால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். இங்கே கேட்க மாட்டார்கள். சொல்ல வந்தது அதைத்தான், ஆனால் டெல்லியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வேலை கிடைத்துவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, ஆகவே உலகத்தைத் திருத்த நேரம் இருந்தது. எங்கள் மகளிர் சங்கத்திலிருந்து மாநாட்டுக்கு இரண்டு பேர் போகலாம் என்றார்கள். ஒன்று நான். இன்னொருத்தி பொதட்டூர்பேட்டை சுகுணா. பகலெல்லாம் பவர்லூம் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுகிறவள். பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். தறியில் மாட்டிக்கொள்ளுமே என்று கொண்டை போட்டு, மேலே துணி கட்டிக்கொள்வாள். மாமன் மகனையே கட்டியவள். புருஷனைப் 'பாவா' என்றுதான் சொல்வாள். பாவா டெல்லிக்கு விடமாட்டான். நகரியில் அக்காவுக்குப் பிரசவம் என்று பொய் சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். பொய்யைச் சொல்லிக்கொடுத்தது நான்.

மாநாட்டில் எல்லாம் இந்தி, இங்கிலீஷ். "இன்னாக்கா சொல்றாங்க?" என்று என் இடுப்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். எனக்கும் பாதி புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்வேனா? "மொதல்ல கையத் தூக்கு, அப்பறம் சொல்றேன்" என்றேன். தூக்கினாள். எல்லார் கைக்கும் மேலே ஒரு கை. மனைவியை அடிக்கப் புருஷனுக்கு உரிமை இல்லை என்பதுதான் தீர்மானம். விளக்கியதும் தூக்கிய கையை இறக்காமலே சிரித்தாள்.

"இத பாவாவுக்கு ஆருக்கா சொல்றது?"

அந்தச் சமயத்தில் ஒருவர் எங்களைப் படம் எடுத்தார். சுகுணாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "போட்டோ ஊருக்கு வராதில்லக்கா?"

"வராதுடி."

ஊர் திரும்பிய பிறகு தபாலில் வந்த அந்தப் படத்தை உள்ளூர் நிருபரிடம் கொடுத்தது நானேதான். சங்கம் வளரட்டும் என்று கொடுத்ததாகப் பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். படத்தில் நான் நன்றாக விழுந்திருந்தேன். அவளுக்குச் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது, வந்தும் கொடுத்தேன். பாவா டீக்கடையில் பேப்பர் பார்த்தான்.

அடுத்த கிருத்திகைக்கு மலைக்குப் போனேன். படி முடிகிற இடத்தில் சுகுணாவும் பாவாவும் நின்றிருந்தார்கள். எங்கள் பக்கம் பெண்கள் பெரும்பாலும் பூமுடிதான் கொடுப்பார்கள். மூன்று கத்தரி, ஒரு கற்றை, சாமிக்கு அது போதும். இவளுக்கு முழுதாக மழித்திருந்தது. காதுக்கு மேலே, சந்தனத்துக்கு அடியில், தையல் போட்ட காயம்.

"வேண்டுதலுங்க மேடம்" என்றான் பாவா, ரொம்ப மரியாதையாக. "டெல்லி வரிக்கும் போயி நல்லபடியா வந்துட்டா இல்ல? அதான் சாமிக்கே குடுத்துட்டோம். எடுத்துக்குங்க."

தொன்னையில் சர்க்கரைப் பொங்கலை நீட்டினான். சுற்றிலும் அத்தனை மொட்டைகள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தீர்மானம் போட்டு வந்த நான் அதை வாங்கிச் சாப்பிட்டேன். முந்திரிகூட இருந்தது.

"ஆங், வேண்டுதல்தாங்க்கா" என்றாள் சுகுணா.

பிறகு நான் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறவே இல்லை. வெட்கம் என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கும். பயம்தான். சங்கம் இருந்த மாடியில் இப்போது செல்போன் கடை.

படத்தைப் போனிலேயே சென்னைக்கு அனுப்பினேன். அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "கை தூக்கிட்டு சிரிக்கிறாங்களே, அவங்கதான் மேடம் அட்டைப்படம்!" என்றாள். இந்த முறையாவது கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று அப்போதுதான் புத்தி வந்தது. நாலு பேரைப் பிடித்து சுகுணா வீட்டு நம்பரை வாங்கினேன். பாவா செத்து ஏழெட்டு வருஷம் ஆகிறதாம். அந்தத் தைரியத்தில் கூப்பிட்டேன். மகள் எடுத்தாள். டெல்லி மாநாட்டைச் சொன்னேன்.

"டெல்லியா? எங்கம்மா நகரியத் தாண்டி எங்கயும் போனதில்லீங்களே." பிறகு உள்ளே திரும்பி, "எம்மா, ஆரோ டெல்லி மாநாடுன்றாங்க" என்று கத்தினாள்.

தெரிந்த குரல்தான். உள்ளேயிருந்து வந்தது.

"ராங் நம்பரு. வெச்சுடு."

சென்னைக்குப் போன் செய்து, அவளை மட்டும் படத்திலிருந்து வெட்டிவிடச் சொன்னேன்.

"பரவால்ல மேடம்" என்றாள் அந்தப் பெண். "நீங்க நல்லா விழுந்திருக்கீங்க. உங்களையே போட்டுடலாம்."