கடைசி இரண்டு குழிகள்

ஆய்வகத்தில் அவளைத் ‘தட்டு அக்கா’ என்பார்கள். குழிகுழியாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தை விட்டு, நரம்பை வளர்க்கும் புரதம் அதில் எவ்வளவு என்று அளப்பது அவள் வேலை. புரதம் இருந்தால் குழி நீலமாகும். அமிலம் விட்டால் மஞ்சளாகி அப்படியே நின்றுவிடும்.

எந்தத் தட்டிலும் கடைசி இரண்டு குழிகள் அவள் கணவருக்கு. கல்யாணத்துக்கு முன்பே அந்த இடம் அவருக்குத்தான். ஃப்ரீஸர் ரிப்பேர் பார்க்க வந்த மனுஷன். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆளின் ரத்தம் வேண்டும் என்றதும், “எடுத்துக்கங்க, எங்கிட்ட நிறைய இருக்கு” என்று ஜம்பமாகக் கையை நீட்டினார். ஊசியைக் கண்டதும் தடாலென்று விழுந்தார். ஆள்தான் மலை! முகத்தில் தண்ணீர் தெளித்தவள் அவள். அதற்கப்புறம் நன்றாக ஓடிய ஃப்ரீஸருக்கெல்லாம் அடிக்கடி ரிப்பேர் வந்தது.

கட்டிக்கொண்ட பிறகும் ரத்தம் கொடுத்தார், ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார்: “இன்னைக்கு நான் எப்படி இருந்தேன்?”

“வழக்கம்போல மஞ்சளா இருந்தீங்க.”

அவர் போய்ச் சேர்ந்த பின்னும் ஃப்ரீஸரில் குழாய் குழாயாக இருந்தார். அவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஒரே ஒரு குழாய் மிஞ்சியதும் அதைப் பனிக்குப் பின்னால் தள்ளி ஒளித்தாள். உருக்கினால் முடிந்தது கதை.

அந்த நேரம் பார்த்து, சோதனைக்கான பழைய கிட் வருவது நின்றுபோய்ப் புதுக் கம்பெனி கிட் வந்தது.

“அக்கா, பழைய கன்ட்ரோல், அதான் உங்க வீட்டுக்காரர் ரத்தம், ஒண்ணு இருந்தா புதுசுல ஓட்டிப் பார்த்துடலாம். இல்லேன்னா பழைய ரிசல்ட்டோட எதையும் ஒப்பிட முடியாது” என்றார் ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மா.

“தீர்ந்துபோச்சுங்க” என்றாள். சொன்ன வாய் கசந்தது.

மறுநாள் தையல்காரர் வந்தார். சர்க்கரையால் பாதம் மரத்துப்போய், வருஷக்கணக்காக ரத்தம் கொடுப்பவர். “போன தடவைக்கு ஏறியிருக்கா, இறங்கியிருக்காம்மா? அதை மட்டும் சொல்லிடு” என்றார். அவள் ஊசியை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரத்தத்தை எடுத்து முடித்தாள். நேரே போய் ஃப்ரீஸரைத் திறந்தாள்.

“தீர்ந்துபோச்சுன்னீங்களே?” என்றார் டாக்டரம்மா.

“புருஷனை ஒளிச்சு வச்சிருந்தேன். அதுக்கென்ன இப்போ?” என்றாள் வெடுக்கென்று. டாக்டரம்மா புதுக் கிட்டைப் பிரித்து நீட்டினார்.

கடைசி இரண்டு குழிகளும் மெல்ல நீலமாயின. அமிலம் விட வேண்டிய நேரம். கை தயங்கியது. தாமதித்தால் தட்டு மொத்தமும் பாழ்; தையல்காரரும் அதில்தான் இருக்கிறார்.

“போயிட்டு வாங்க” என்று சொல்லி அமிலத்தை விட்டாள். மஞ்சளாகி நின்றார்.

தையல்காரருக்குப் புரதம் ஏறியிருந்தது. அவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினாள்.

செருப்பைக் கழற்றினாள். யாரும் கேட்கவில்லை.

“வழக்கம்போலத்தாங்க” என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட்டாள்.