சீடையின் மூக்கு

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்முடி மலையடிவாரத்து வித்துராவில் ஒரு பழக்கடை வாசலில், ஈரத் தரையில் புதுப் புடவையோடு உட்கார்ந்திருந்தேன். மடியில் எங்கள் நாய். அதன் நாக்கு நாவல்பழ நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சீடையைத் தெரியும். தெரியாதவர்களுக்கு — அவன் 'பக்' ஜாதி நாய். தட்டை முகம், பிதுங்கிய கண், உருண்டை உடம்பு. பெயர்க் காரணம் புரிந்திருக்கும்.

என் கணவரின் ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு பொன்முடி போவதாக ஏற்பாடு. சீடையையும் அழைத்துப் போகலாம் என்றார் இவர்.

"வேண்டாம்னா. வெயில் ஏறிடுத்து. எனக்குப் பேடியா இருக்கு."

"உனக்கு எதுக்குத்தான் பேடியில்லை? மலை மேல நல்ல குளிராக்கும். கார்ல ஏசி இருக்கு. அவனும் நாலு எடம் பார்க்கட்டுமே."

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் இப்படித்தான் பேசுவோம். பாதி தமிழ், பாதி மலையாளம்; பேடி என்றால் பயம். ஆனால் பயம் முழுசாக என்னுடையது.

நெடுமங்காடு தாண்டியதும் ஏசியிலிருந்து சூடான காற்று வந்தது. கண்ணாடியை இறக்கினோம். வித்துராவை நெருங்கும்போது முன்னால் கார்கள் வரிசையாக நின்றுவிட்டன. விடுமுறைக் கூட்டம்; நண்பர்கள் எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தார்கள். காற்றும் நின்றது.

சீடை இரைக்க ஆரம்பித்தான். நாய் இரைப்பது சகஜம்தானே என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது... ஈர மரத்தை ரம்பத்தால் அறுப்பது போல. வாயோரம் கெட்டியாக எச்சில். எழுந்து நிற்கப் பார்த்தான், பின்னங்கால்கள் மடங்கின. நாக்கைப் பார்த்தேன். ரோஜா நிறம் போய்விட்டிருந்தது.

"ஏன்னா, வண்டியை ஓரம் கட்டுங்கோ."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் உடனே ஒரு பழக்கடை வாசலில் நிறுத்தினார்.

பழக்கடையில் இருந்த பெண் எங்களைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள். செல்வி என்று பெயர். போணக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவளாம் — அதெல்லாம் பிறகு தெரிந்தது. "அக்கா, இங்க நிழலுக்குக் கொண்டு வாங்க," என்று பழக்கூடைகளை நகர்த்தி இடம் பண்ணித் தந்தாள்.

நான் எங்கள் நாய் டாக்டருக்கு போன் செய்தேன். அவர் மலையாளி. என்னோடு பேசும்போது தமிழை இழுத்துப் பிடித்துப் பேசுவார். அன்று இரண்டும் கலந்து வந்தது; தண்ணீர் 'வெள்ளம்' ஆயிற்று, குளிர வைப்பது 'தணுக்க வைப்பது' ஆயிற்று.

"எங்கேயும் ஓட வேண்டா. முதல்ல உடம்பைத் தணுக்க வைக்கணும். பின்னே வண்டி. பக்கத்துல வெள்ளம் உண்டோ?"

"ஒருத்தர் ஐஸ் கொண்டு வரார், டாக்டர்." எதிரே மீன் விற்பவர் ஒரு பெரிய ஐஸ் கட்டியைக் கையில் ஏந்தி ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"ஐஸ் வேண்டா, கேட்டோ. சாதா பைப் வெள்ளம் மதி, அது போதும். உடம்பு முழுக்க நனைக்கணும், காத்து படணும். ஈரத் துண்டு போட்டு மூடக் கூடாது, சூடு உள்ளேயே நிக்கும். வாயில் வெள்ளம் ஊத்தாதீங்கோ. அவனே நக்கினா குடிக்கட்டும்."

செல்வி கடைக் குழாயில் ஹோஸை மாட்டித் தந்தாள். நான் சீடையின் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீரைப் பாய்ச்சினேன். தனக்காக வைத்திருந்த டேபிள் ஃபேனை அவள் அவன் பக்கம் திருப்பினாள். என் கணவர் கார் சன்ஷேடைப் பிடுங்கி வந்து விசிறினார். மீன்காரர் ஐஸோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தார். அந்த ஐஸ் தண்ணீராகச் சொட்டச் சொட்ட, அவரும் கூடவே நின்றார்.

"அக்கா, பொழைச்சுக்கும்," என்றாள் செல்வி. "எங்க ஆட்டுக்கும் இப்படி ஆயிருக்கு." அந்த ஆடு பிழைத்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சீடை நுரையாக வாந்தி எடுத்தான். இரைப்பு கொஞ்சம் மெதுவானது. நாக்கின் ஓரத்தில் மட்டும் லேசாகச் சிவப்பு திரும்பியது.

"இப்பக் கிளம்பி வாங்கோ," என்றார் டாக்டர்.

எங்கள் காரை அங்கேயே விட்டுவிட்டு, ஏசி டாக்சி ஒன்றைப் பிடித்துத் திருவனந்தபுரம் திரும்பினோம்.  வழியெல்லாம் இவர் கை சீடையின் விலா மேலேயே இருந்தது — அது ஏறி இறங்குகிறதா என்று.

கிளினிக்கில் ஆக்ஸிஜன், டிரிப் எல்லாம் கொடுத்தார்கள். ஆபத்து தாண்டியது என்று சொன்ன பிறகுதான் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"நாய் சூட்டை மூச்சு வழியாத்தான் வெளியே தள்ளணும். இவனுக்கு மூக்குத் துவாரம் பாருங்கோ, ஒரு கீறல்தான். கூடவே தடி வேற, உடம்பு குண்டு."

"இந்த ஜாதியே அப்படித்தானே, டாக்டர்?" என்றார் இவர்.

"சார், மூக்கைப் பாதி பொத்திண்டு, வாயையும் மூடிண்டு, இந்த மாடிப்படியை ஒரு தடவை ஏறி இறங்கிட்டு வாங்கோ."

டாக்டர் பேச்சுக்குத்தான் சொன்னார். என் கணவர் நிஜமாகவே எழுந்து போனார். பேங்க் மேனேஜர் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியேறுவதை, பூனைக் கூடையோடு காத்திருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். இறங்கி வந்தபோது முகம் சிவந்திருந்தது. நெற்றியில் வேர்வை.

"இப்படியா இவன் தினமும் இருக்கான்?"

"எப்பவும்," என்றார் டாக்டர். "ஆபரேஷன் பண்ணித் துவாரத்தை அகலமாக்கலாம்."

"பண்ணிடலாம்," என்றார் இவர் உடனே.

அதற்கப்புறம் வந்தது வேறு மாதிரி பயம். தட்டை முக நாய்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதே கவனம் தேவைப்படும் விஷயமாம். அதைவிட, மயக்கம் தெளியும் நேரம். எடை குறைந்தால் ஆபத்தும் குறையும் என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் பிஸ்கட் டப்பா பரண் ஏறியது. வெயில் வருமுன்னே நடை. கழுத்தை நெரிக்கும் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ்.

முகமடிப்புகளைத் துடைக்கும் வேலை இவருடையதாயிற்று. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, பிழிந்து, மூக்குக்கு மேலிருக்கும் அந்த மடிப்புக்குள் விட்டு எடுப்பார். பிறகு காய்ந்த துணியால் ஒற்றுவார். ஈரம் நின்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே நாளில் சிவந்து நாற்றம் எடுத்துவிடும். பக்கத்து வீட்டு மாமி தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள். டால்கம் பவுடர் என்றார் இன்னொருவர். இரண்டும் வேண்டாம் — சுத்தம், காய்ச்சல், அவ்வளவுதான். காய்ச்சல் என்றால் ஜுரம் இல்லை, ஈரம் காய்வது. பிதுங்கிய கண்ணில் கீறல் இருக்கிறதா என்று தினமும் வெளிச்சத்தில் பார்ப்பது என் வேலை. கண்ணைச் சுருக்கினால், தண்ணீர் வடிந்தால், உடனே டாக்டர்.

ஆபரேஷன் அன்று கிளினிக் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன்.

"நீ அன்னிக்கு வேண்டாம்னு சொன்னே," என்றார் இவர் திடீரென்று. கதவைப் பார்த்தபடியே சொன்னார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் வாயிலிருந்து வந்த மன்னிப்புக்கு மிக நெருக்கமான வாக்கியம் அதுதான். எனக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. "நீங்க அவன் குளிரா இருக்கட்டும்னுதானே கூட்டிண்டு போனேள்," என்றேன்.

கடைசியில் டாக்டரே வந்து உள்ளே கூப்பிட்டார். சீடை கண் திறந்திருந்தான். மூக்கின் இரு பக்கமும் தையல், சுற்றி ரத்தக் கறை. நாக்கு ரோஜா நிறம். நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

இவர் குனிந்து, "டேய் சீடை," என்றார். அவன் ஒரு தும்மல் போட்டான். இவருடைய மூக்குக் கண்ணாடி, சட்டை, மீசை எல்லாம் நனைந்தது. வீடு வந்து சேரும்வரை இவர் எதையும் துடைத்துக்கொள்ளவில்லை.

தையல் பிரித்தாயிற்று. நன்றாக இருக்கிறான். ஆனால் வெயில் அவனுக்கு இன்னும் எதிரிதான், எனக்குப் பதற்றமும் முழுசாகப் போய்விடவில்லை. ஒன்று யோசிக்கிறேன். அவன் மூச்சுக்குத் திண்டாடிய சத்தத்தைத்தானே இத்தனை நாள் 'எவ்வளவு க்யூட்' என்று போனில் படம் பிடித்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம்? வாயைத் திறந்து இரைத்ததைச் சிரிக்கிறான் என்றோம். வாயில்லா ஜீவன் என்பது சரிதான், ஆனால் அது சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

நேற்று எங்கள் ஊர்ச் சாலை பஜாரிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். மகளுக்குப் பக் குட்டி வாங்கப் போகிறாராம், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டார்.

முதலில் மூக்கைப் பாருங்கள் என்றேன், முகத்தை அப்புறம் கொஞ்சிக்கொள்ளலாம்.