இரண்டாம் ஷிப்டு வாரத்தில் வந்த ஆய்வு

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவில் இருக்கும் அரசுக் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவர் ரூபி அக்கா. நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒருகாலத்தில் எங்களைப் போலவே கம்பெனியில் லைனில் நின்றவர். மகள் எஸ்லினைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அந்த வேலையை விட்டுவிட்டார்.

"அப்ப இப்படி ஒரு இடம் இருந்திருந்தா நான் இன்னைக்கு சூப்பர்வைசராக்கும்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. என் மகன் கௌதமுக்கு ஒன்றரை வயது. காப்பகத்தை மூடினால் நானும் வேலையை விட வேண்டும். இல்லையென்றால் அவனைச் சிங்காரப்பேட்டையில் மாமியாரிடம் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வரவேண்டும்.

போன ஜூலையில் அந்த நிலைமை வந்தேவிட்டது. பிள்ளைகள் வருகை குறைவு என்று யாரோ மேலே எழுதிப்போட்டிருந்தார்கள். "இந்த வாரம் ஆய்வுக்கு வருவாங்க, எண்ணிக்கை சரியில்லன்னா நிதி நின்னுடும்" என்று அக்காவுக்கு போன் வந்தது. என்றைக்கு வருவார்கள் என்று சொல்லவில்லை. அந்த வாரம் பார்த்து எங்களுக்கு இரண்டாம் ஷிப்டு. மதியம் இரண்டு மணிக்குத்தான் வேலை. காலையில் பிள்ளைகள் எங்களோடு வீட்டில் இருக்கும். ஒரு மணிக்கு மேல்தான் கொண்டுபோய் விடுவோம். சாயங்காலம் அப்பாக்கள் வந்து கூட்டிப்போவார்கள்.

"அக்கா, இந்த ஒரு வாரம் காலையிலயே எல்லாரும் கொண்டாந்து விட்டுடறோம். ரூம்பு நெறஞ்சிக்கும்" என்றேன்.

"வேண்டாம் பிள்ளே. இந்த ஷிப்டு வந்தாத்தான் அதுகளுக்குக் காலையில அம்மா கிடைக்கு. அதை எதுக்குப் பிடுங்கணும்? வாறவங்க உள்ளதைப் பாத்துட்டுப் போட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த அக்காவின் நேர்மைக்கு என் பிழைப்பா கிடைத்தது என்று வீட்டில் கணவர் ஜெகதீஷிடம் கத்தித் தீர்த்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் அதிகாரி வந்திருக்கிறார். பதிவேட்டில் இருபத்திரண்டு பேர். பாயில் நான்கே பேர். அக்கா ஷிப்டு கணக்கை விளக்கியிருக்கிறார். "எல்லா இடத்துலயும் ஏதாவது ஒரு காரணம் சொல்றாங்கம்மா" என்று அந்த அம்மா பேனாவைத் திறந்தாராம். "ஒரு மணிக்கு மேல ஒருக்க வந்து பாருங்க மேடம்" என்பதற்கு மேல் அக்கா எதுவும் கெஞ்சவில்லை. கெலவரப்பள்ளிப் பக்கம் வேறொரு மையம் பார்க்க வேண்டும் என்று அவர் கிளம்பிவிட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒன்றேகாலுக்குக் கம்பெனி வேன் ஹாரன் அடிக்க, கௌதமைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காப்பக வாசலில் யாரோ ஒரு அம்மா நின்றிருந்தார். புது டீச்சர்போல என்று நினைத்தேன்.

"டீச்சர், சாப்ட்டுட்டான். முதுகுல தட்டுனாதான் தூங்குவான்" என்று அவர் கையில் மகனைத் திணித்துவிட்டு வேனில் ஏறிவிட்டேன்.

அவர்தான் திரும்பி வந்த ஆய்வு அதிகாரி என்று மறுநாள் தெரிந்தது. "ஏன்க்கா சொல்லல?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"நீ எங்க சொல்ல விட்டே? குடுத்துட்டு ஓடிட்டியே!"

அந்த அம்மா கௌதமைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மீதிப் பிள்ளைகளை எண்ணினாராம். அவனையும் சேர்த்து இருபத்தொன்று. அடுத்த மாதமே நிதி தொடரும் என்று உத்தரவு வந்தது. இரண்டாம் ஷிப்டு வாரங்களில் மதியத்துக்கு மேல்தான் ஆய்வு செய்ய வேண்டும் என்ற குறிப்பும் அதில் இருந்தது. வந்து பார்த்த அந்த அதிகாரிக்கும், பணம் ஒதுக்கிய அரசாங்கத்துக்கும் என் கும்பிடு.

இந்த வாரமும் இரண்டாம் ஷிப்டுதான். இப்போது மணி காலை பத்து. கௌதம் என் மடியில் உட்கார்ந்து ஐடி கார்டைக் கடித்துக்கொண்டிருக்கிறான். இந்தக் காலையை அன்றைக்கே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தவள் நான். எனக்காகப் பிடித்துவைத்தவர் ரூபி அக்கா.