காசிம் நானாவின் கொடுவா

போன வாரம் டாக்டருக்காகக் காத்திருந்தபோது, சுவரிலிருந்த தொலைக்காட்சியில் ஒருவர் கொடுவா மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அது ஆணாக வளர்ந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறிவிடுமாம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

சிரிப்போடு மரத்தூள் வாசனையும் வந்தது. அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் புது வாத்தியார். எனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்று நம்பிய வயது. ஞாயிறு காலையில் கடைத்தெருவில் காசிம் நானா மீன் விற்பார். தலவாக்கலை வரை ரயிலிலும் பிறகு பஸ்ஸிலுமாக, ஐஸும் மரத்தூளும் போட்ட பெட்டியில் மீன் மலையேறி வரும். எங்கள் குளிரில் அந்த ஐஸ் உருகக்கூட யோசிக்கும்.

ஒருநாள் பெரிய கொடுவா ஒன்றின் வயிற்றைக் கீறியபடி அவர் சொன்னார்: “இது சின்னதுல ஆம்பளை, மாஸ்டர். பெருத்தா பொம்பளையாயிரும்.”

“அதெப்படி நானா? ஆண் ஆண்தான்,” என்றேன், கரும்பலகை முன் நிற்கிற குரலில்.

மீன் வாங்க வந்திருந்த கொழுந்துக்காரி லெட்சுமி விடவில்லை. “அப்ப இந்த ஆம்பளைங்களையும் அந்தத் தண்ணியில விட்டு எடுங்க நானா. கொஞ்ச நாளு கொழுந்து எடுத்துப் பாக்கட்டும்!”

அவள் பின்னால் நின்றிருந்தவர், மலையில் அவளை வேலை வாங்குகிற கண்டாக்கையா. திரும்பிப் பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் அவளுக்கு வேலை உண்டோ இல்லையோ என்று எங்களுக்கே பயம்.

“எனக்கு நீச்சல் தெரியாது லெட்சுமி,” என்றார் அவர். “மொதல்ல வாத்தியார அனுப்பு.”

தெருவே சிரித்தது. எனக்குத்தான் மானப் பிரச்சினையாகிவிட்டது. அதன்பின் ஞாயிறுதோறும் நானா மீன் கீறும்போது பக்கத்தில் நின்றேன். சின்னதில் வெள்ளை விந்துப்பை, பெரியதில் மஞ்சள் சினை. ஒரேயொரு பெரிய ஆண் மீன் வந்தால் போதும், தப்பித்துவிடுவேன். வரவில்லை. ஏழாவது ஞாயிறு, “நீங்க சொல்றது சரி போல, நானா,” என்றேன்.

“அந்த ‘போல’வ எடுங்க மாஸ்டர்.”

எடுத்தேன். சினையைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தார். பொரித்துத் தின்றேன். தோற்றவனுக்கு அவ்வளவு ருசி ஆகாது.

பிறகு வந்த குடியுரிமை ஒப்பந்தத்தில் லெட்சுமி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். நானா எந்த ஊருக்குப் போனாரென்று தெரியவில்லை. இப்போது அதே தெருவில் மீன் குடல் நீக்கி, துண்டு போட்டு, உறையில் வருகிறது. ஆணா பெண்ணா என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. வாதாட ஒன்றுமில்லாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.