குவாயாகிலில் பன்னிரண்டு, ஜெனோவாவில் ஏழு

குவாயாகில் நகரத்தில் எங்கள் குவாஸ்மோ பேட்டையில் காலை ஆறு மணிக்கே தார்சிலா அக்காவின் சூப்புக் கடை அடுப்பில் மீன் சூப்பு கொதிக்கும். சூரை மீன், மரவள்ளிக்கிழங்கு, மேலே எலுமிச்சையில் ஊறிய வெங்காயம். எதிரே என் பஞ்சர் கடை.

அக்காவின் தங்கை டெல்ஃபா இத்தாலியில், ஜெனோவா நகரில், ஒரு மூதாட்டியின் வீட்டிலேயே தங்கி அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அங்கே மாலை ஏழுக்கு அவள் சாப்பிட உட்காருவாள். இங்கே அப்போது மதியம் ஒன்று. இருவரும் போனைத் தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்து, முகம் பார்த்துச் சாப்பிடுவார்கள். மார்ச் கடைசியில் ஜெனோவாக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். எங்கள் ஊர்க் கடிகாரம் எதற்கும் அசையாது. அதனால் அக்டோபர் வரை அந்தச் சாப்பாடு இங்கே பன்னிரண்டுக்கு வந்துவிடும். அக்கா பதினொன்றே முக்காலுக்கே பானையை மூடுவாள்.

"இத்தாலிக்காரன் கடிகாரத்தத் திருப்பினா என் வயிறு ஏன்க்கா காயணும்?" என்பான் பஸ் ஓட்டும் வில்பெர்.

"சீக்கிரம் எந்திரிச்சு வாடா. உனக்காக யாரு திருப்புவா?"

டெல்ஃபா தன் கல்யாணத்துக்கே இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தவள். யாரும் கோபிக்கவில்லை, பாதிரியார் அவளுக்கும் பிறகுதான் வந்தார். ஜெனோவாவில் முதல் வாரமே மூன்று பஸ்ஸைத் தவறவிட்டவள், பிறகு ஆளே மாறிவிட்டாள். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் ஏழு மணி தவறியதில்லை. சத்தமும் குறைந்துவிட்டது. அங்கே பக்கத்து வீட்டுக் கிழவர் கனேபா, 'சாப்பிடும்போது கொஞ்சம் மெதுவாகச் சிரிக்கவும்' என்று கதவில் சீட்டு ஒட்டியிருந்தாராம்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு அடித்தது. போன் வரவில்லை. அக்கா கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பத்து நிமிஷம் போயிற்று.

"வருவாக்கா. பத்து நிமிஷம் எல்லாம் ஒரு நேரமா?" என்றேன்.

"இங்க இருந்த டெல்ஃபான்னா நாளைக்கு வரைக்கும் காத்திருப்பேன். இது அந்த ஊரு டெல்ஃபா. என்னமோ ஆயிருக்கு."

ஆத்திர அவசரத்துக்கென்று தங்கை கொடுத்திருந்த கனேபாவின் எண்ணை அழுத்தினாள். அந்த வீட்டின் மாற்றுச் சாவியும் அவரிடம்தான் இருந்தது. அவர் இத்தாலிய மொழியில் பேசினார். அக்கா எங்கள் ஸ்பானிஷை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்: "என் தங்கை. ஏழு மணி. போன் இல்ல."

 மறுபக்கம் சாவிக்கொத்து குலுங்கியது.

மூதாட்டி அந்த வாரம் மகன் வீட்டில் இருந்தாள். டெல்ஃபா காலையிலேயே குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஈரத்தரையில் கிடந்தாள். போன் சமையலறையில் இருந்தது. குளியலறை வீட்டின் மறுகோடியில், அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மூதாட்டி திரும்பும் திங்கள் வரை அந்தக் கதவை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து பேசும் நிலைக்கு வந்ததும் அக்கா கெஞ்சினாள்.

"போதும்டி. வந்துடு."

"வரலக்கா. நான் அங்க வந்தா தாமதமா வர்ற ஒவ்வொருத்தனையும் திட்டிக்கிட்டே இருப்பேன். எனக்கு இந்த ஊரு பழகிடுச்சு."

 அந்த வாரம் முழுக்கச் சூப்பில் உப்பு கூடியது, நாங்களும் அப்படியே குடித்துவிட்டுப் போனோம். அப்புறம் ஒரு காலை, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க எங்கே போகணும் என்று என்னைக் கேட்டாள். விசா கிடைத்து ஆகஸ்டில் போனாள். டெல்ஃபா கைத்தடியோடு ரயில் நிலையத்துக்கு வந்திருந்தாளாம், கனேபாவின் கையைப் பிடித்துக்கொண்டு.