பெரியப்பாவும் என் பாட்டுப்பெட்டியும்

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் தெருவில் சொந்தமாக எம்பி3 பிளேயர் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். ஓசூரில் கம்பெனி வேலை பார்த்த தாய்மாமா பொங்கலுக்கு வந்தபோது வாங்கிவந்து கொடுத்தது. தீப்பெட்டியைவிடச் சின்னது. சிவப்பு நிறம். முதுகில் ஒரு கிளிப். பொம்மிடியில் ஒரு செல்போன் கடையில் கொடுத்து மாமா அதில் நிறையப் பாட்டு ஏற்றியிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைச் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பேன். யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்லிவிட மாட்டேன். ஒரு காதிலிருந்து மட்டும் ஒயரை மெதுவாக எடுத்துவிட்டு "என்னா?" என்று கேட்பேன். அதில்தான் கௌரவம் இருப்பதாக நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். ஆனால் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நாங்கள் புது வீடு குடிபோன அன்று வந்த மனஸ்தாபம் அது. முதல் பந்தியில் தன் அண்ணன்தான் உட்கார வேண்டும் என்று அப்பா வாசற்படியில் நின்று மூன்று தரம் கூப்பிட்டாராம். பந்தலுக்கு வெளியே நாற்காலியில் இருந்த பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டாராம். சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் மூன்று விரலை நீட்டிக் காட்டுவாள்.

பெரியம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். பெரியப்பாவின் மகன் பெங்களூரில் இருந்தான். பெரியப்பா தானே சமைத்துத் தின்றுகொண்டு, வீட்டை ஒட்டிய தன் கொல்லையில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டுக்கொண்டு, யாரிடமும் வாய் கொடுக்காமல் இருந்தார். ஊரில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவரோடு பேசக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பாட்டுக் கேட்க வைக்கக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை வேலியோரம் புளியமரத்தடியில் உட்கார்ந்து நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கிழங்குக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பெரியப்பா மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"காதுல என்னாத்த சொருவிக்கினு இருக்க?"

பேசக் கூடாது அல்லவா? பேசவில்லை. எழுந்து போய் இரண்டு ஒயரையும் அவர் காதில் வைத்துவிட்டேன். அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஒண்ணும் பாடலியே" என்றார். சத்தத்தைக் கூட்ட, கூட்டல் குறி போட்டிருந்த பொத்தானை அழுத்தினேன். தலையை அசைத்தார். மறுபடி அழுத்தினேன். இனிமேல் கூட்ட முடியாது என்கிற அளவுக்குப் போனபோது ஒயருக்கு வெளியே எனக்கே பாட்டுக் கேட்டது.

பெரியப்பா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏ பொண்ணு, பாடுதுடி!" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி கத்தினார். "வரி வரியா பாடுது!"

பாட்டென்றால் வரி வரியாகத்தானே பாடும். இவருக்கு என்ன ஆனது என்று நினைத்தேன்.

அதன்பிறகு, பேசக் கூடாது என்பதையும் மறந்து, தினமும் சாயங்காலம் வேலி இடுக்கில் நுழைந்து போய்விடுவேன். எனக்குக் கொய்யாப்பழம் பறித்து வைத்திருப்பார். ஒரே பாட்டை நாலு தரம் போடச் சொல்லுவார். "இப்படிச் சத்தமா வச்சா பெட்டி கெட்டுப்போயிடும் பெரீப்பா" என்று நான் பின்னாலிருந்து அதட்டினால் காதில் வாங்கவே மாட்டார். ஒயர் மாட்டாதபோதும் அப்படித்தான். தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். சரியான பாட்டுப் பைத்தியம் என்று முடிவு கட்டியிருந்தேன். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

ஒருநாள் அவரிடம் நேராகவே கேட்டேன். "எங்க வூட்டுக்கு ஏன் வர மாட்டீங்க?"

கொய்யாவைத் துண்டில் துடைத்தபடி சொன்னார்: "அன்னைக்கு அத்தன பேர சாப்புடக் கூப்புட்டான் உங்கப்பன். என்னை ஒரு வார்த்தை கூப்புடல. நான் எப்படிம்மா வருவன்?"

மாட்டிக்கொண்டது அதற்கடுத்த வாரம். பிளேயரைப் பெரியப்பாவிடமே விட்டுவிட்டு வந்திருந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் காலரைப் பார்த்ததும் அம்மா, "எங்கடி அது?" என்று பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"ஊருக்கு முன்னால நம்மள அவமானப்படுத்துன ஆளு. அங்க போயி உனக்கு என்னாடி பாட்டு?" என்று கையை ஓங்கினாள்.

அடி விழாமல் தப்பிக்க எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டினேன். "அவரு ஒண்ணும் பண்ணல. அப்பாதான் அவர சாப்புடக் கூப்புடலயாம். சும்மா திமிருன்னு சொல்றீங்க. நான் கூப்புட்டாலும்தான் திரும்ப மாட்டாரு. தொட்டாத்தான் திரும்புவாரு. பாட்டக்கூட ஃபுல் சவுண்டு வச்சாத்தான் பாடுதுங்கறாரு."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

"இன்னொரு தரம் சொல்லு," என்றார். சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் செருப்புப் போடாமல் வேலியைச் சுற்றிக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் அங்கிருந்து ஒரே கூச்சல்.

"சாப்புட வாங்கண்ணான்னு கூப்புட்டன்! மூணு தரம் கூப்புட்டன்!" என்று அப்பா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"எனக்குக் கேக்கலடா!" என்று பெரியப்பா அதற்கும் மேலே கத்தினார்.

"அத ஏன் சொல்லல? ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"செவுடன்னு சொல்லுவாங்கடா!"

தெருவே வெளியில் வந்து நின்றது. என்னால்தான் மறுபடி சண்டை மூண்டுவிட்டது என்று நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதேன். எட்டிப் பார்த்தபோது இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். அடிதடியில்தான் அப்படிப் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அம்மா மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்துவைத்தாள்.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து சேலத்துக்கு ரயில் ஏறினார்கள். போலீஸில் சொல்லத்தான் போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் என் தோழியிடம் ரகசியமாகச் சொன்னேன். அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் இரண்டு முறை போனார்கள். கடைசித் தடவை திரும்பியபோது பெரியப்பா நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். அவர் காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. என்னுடையதைவிடச் சின்னது, ஒயர்கூடத் தொங்காதது, புதிதாக வந்ததை அப்பா அவருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்! நானும் கேட்டே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தேன். பெரியப்பா சிரித்துக்கொண்டே கழற்றி என் காதில் வைத்தார். கீ என்று ஒரு சத்தம். பிறகு அடுப்படியில் அம்மா கரண்டி போட்ட சத்தம். கோழி. வெளியில் யாரோ யாரையோ கூப்பிட்டது. எவ்வளவு நேரம் காத்திருந்தும் பாட்டு வரவில்லை.

"இதுல பாட்டே இல்லியே பெரீப்பா," என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அப்பாவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. விவரம் தெரியாத ஆள் என்று சேலத்துக் கடைக்காரன் நன்றாக ஏமாற்றிவிட்டானே என்று நினைத்துக்கொண்டேன்.