பின்பக்கத்து அம்பு

யசோதினியின் வேலைக்கு என்ன பெயர் என்று அவள் அம்மா பெரியாயிக்குத் தெரியாது. கூட வேலை செய்யும் பெண்கள் கேட்டால், "பண்டாரவளையில ஒரு கடையில பார்க்குற வேலை" என்பாள். எதைப் பார்க்கிற வேலை என்று யாராவது நீட்டிக் கேட்டுவிட்டால் பெரியாயிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "தப்பு இருக்கான்னு பார்க்குறா. ஒம் மூஞ்சியக் கொண்டு போய் நீட்டிப் பாரு, அதுலயும் நாலு சொல்லுவா."

அம்மா சொன்னதில் பிழை எதுவும் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஸமீம் நானாவின் கடையில் போர்டு, பேனர், ஸ்டிக்கர் எல்லாம் அச்சடிப்பார்கள், வெட்டுவார்கள். ஊர் முழுக்க இருந்து ஆட்கள் அனுப்புகிற படங்கள் மெசினுக்குப் போகுமுன் யசோதினியின் கம்பியூட்டருக்கு வரும். அவள் அவற்றைத் திறந்து, கோடு கோடாகப் பெரிதாக்கி, எங்கே வில்லங்கம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவாள். வெட்டுகிற மெசினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. கோடு போகிற வழியே கத்தியைக் கொண்டு போகும், அவ்வளவுதான். ஒரு வட்டத்தின் இரண்டு முனையும் மயிரிழை அளவு சேராமல் நின்றால், உரிக்கும்போது ஸ்டிக்கர் அந்த இடத்தில் கிழியும். ஒரே கோடு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தரம் கிடந்தால் கத்தியும் இரண்டு தரம் போய்த் தாளைக் குதறிவிடும். எழுத்தைப் படமாக மாற்றாமல் அனுப்புகிற புண்ணியவான்களும் உண்டு. அந்தப் பைலைத் திறந்தால் கொம்பு ஒரு மூலையிலும் கால் இன்னொரு மூலையிலும் கிடக்கும். இதையெல்லாம் திருத்திவிட்டுத்தான் அவள் மெசினுக்கு விடுவாள்.

இந்தப் பார்வை கடையோடு நிற்கவில்லை. பஸ்ஸில் போகும்போது கடைப் பெயர்களில் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள். கல்யாண வீட்டுக்குப் போனால் வாசல் பேனரில் மாப்பிள்ளையின் காது வெட்டுப்பட்டிருப்பதுதான் முதலில் கண்ணில் படும். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

அதற்குக் காரணம் ஒரு கோழி. எல்ல என்கிற ஊரில் வெள்ளைக்காரர்களுக்குச் சாப்பாடு போடுகிற கடைகள் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் கேட்பார்கள். அதற்குப் படத்தை வலம் இடமாகத் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பியதை மறந்து, அதே பைலை வெளி போர்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். எழுத்து திரும்பியிருந்தால் சின்னப் பிள்ளை கூடக் கண்டுபிடித்துவிடும், உடனே நேராக்கிவிடுவார்கள். படம் திரும்பியிருந்தால் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் ஒரு கடைக் கோழி, வாசலுக்குப் புறமுதுகு காட்டிக்கொண்டு வந்தது. யசோதினி அதைப் பிடித்தாள். ஸமீம் நானா சிரித்துச் சிரித்து இருமினார். "ஒங்கட கண்ணுக்குத் தப்பி ஒண்டும் மெசினுக்குப் போவாது, தங்கச்சி" என்றார். அந்தச் சொல்லை அவள் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டாள். வைக்காமல் இருந்திருக்கலாம்.

ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்பு அந்த போர்டு வேலை வந்தது. மண்சரிவு வந்தால் சனங்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டுகிற போர்டு. மேலே மூன்று மொழியிலும் 'பாதுகாப்பான இடம்', கீழே ஒரு பெரிய அம்பு. அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கும் பெரகலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். அவள் பிறந்தது பூனாகலைக்கு அப்பால் உள்ள நாகவனத் தோட்டம். அம்மா இன்னும் அங்கேதான் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தாள். ஆகவே பைலை அவள் வழக்கத்தை விடக் கவனமாகவே திறந்தாள்.

சுத்தமான பைல். கோடெல்லாம் மூடியிருந்தது, எழுத்தெல்லாம் படமாக்கியிருந்தது. ஒரே ஒரு குறைதான் கண்ணில் பட்டது. முன்பக்கத்தில் அம்பு இடது பக்கம் காட்டியது. பின்பக்கத்தில் எழுத்துகள் அப்படியே இருக்க, அம்பு மட்டும் வலது பக்கம் திரும்பியிருந்தது. யசோதினிக்கு அந்தக் கோழிதான் ஞாபகம் வந்தது. யாரோ கண்ணாடி ஸ்டிக்கர் பழக்கத்தில் திருப்பிவிட்டு, எழுத்தை மட்டும் நேராக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானே, நானா?" என்று கேட்டாள்.

ஸமீம் நானா போனில் இருந்தார். அவர் கடையில் இத்தனை காலமும் அடித்த இரட்டைப் பக்க போர்டுகள் எல்லாம் பேக்கரியும் பார்மசியும்தான். "ரெண்டும் ஒண்டுதான், போடுங்க" என்று கையை அசைத்தார்.

அவள் பின்பக்கத்தை அழித்தாள். முன்பக்கத்தைப் பிரதி எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். பைல் அனுப்பியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பைத் திருத்துவதற்கு யாரிடம் கேட்க வேண்டும்?

போர்டு நட்ட பிறகு ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறைக்கு, வீட்டுக்குப் போனாள். மழை பிடித்திருந்தது. லயத்துக்குப் பின்னால், மாட்டுக்கொட்டிலுக்கு அருகில், நிலத்தில் ஒரு வெடிப்பு ஓடியது. அது எங்கே போய் முடிகிறது என்று பழக்கத்தில் கண்ணால் பிடித்துக்கொண்டே போனாள். தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து மறைந்தது.

"அம்மா, இது எப்ப வந்துச்சு?"

"அது கெடக்கு. மண்ணு போட்டு அடைச்சேன், மழைக்குத் தொறந்துக்கிச்சு" என்றாள் பெரியாயி. அவளுக்குக் காட்ட வேறு விஷயம் இருந்தது. மகளின் கையைப் பிடித்து ஒற்றையடிப் பாதை பிரிகிற இடத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே போர்டு மஞ்சளாக நின்றது. லயத்திலிருந்து வருகிறவர்களுக்கு இடது பக்கம் ஏறினால் பள்ளிக்கூடம். வலது பக்கம் இறங்கினால் ஓடைக் கரையில் பழைய கொழுந்து மடுவம், கொழுந்து நிறுக்கிற கொட்டகை. இப்போது அங்கே யாரும் போவதில்லை. அம்பு சரியாகப் பள்ளிக்கூடத்தைக் காட்டியது. பெரியாயி முந்தானையால் அதன் மேலிருந்த சேற்றைத் துடைத்தாள்.

"நீ பார்த்ததா?"

"ஆமா."

"அப்பச் சரி. போர்டு நட்ட அன்னைக்கு எல்லாரையும் கூட்டி ஓடிக் காட்டச் சொன்னாங்களாம். நான் கண்ணு காட்ட பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். போர்டு காட்டுற பக்கம் போகணும், அவ்வளவுதானே? எனக்கு எழுத்துத்தான் தெரியாது. அம்பு தெரியாதா?"

யசோதினி சிரித்தாள். போர்டின் மறுபக்கத்தைச் சுற்றிப் போய்ப் பார்க்கவில்லை. தூறல் வலுத்தது, இருவரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அதன் பிறகு மழை விடவே இல்லை. பண்டாரவளையில் கடைக்காரர்கள் படிகளில் மணல் மூட்டை அடுக்கினார்கள். மலைப்பக்கம் பார்த்தால் மலையே தெரியவில்லை. அப்படி ஒரு நாள் மத்தியானம், நாகவனத் தோட்டத்து ஆபீசில் வேலை செய்யும் ஜெயரூபன் தலையைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். இன்னும் இரண்டு போர்டு வேண்டுமாம். நட்டதைக் காட்ட போனில் படம் எடுத்து வந்திருந்தார்.

"ரொம்ப வடிவா வந்திருக்கு, தங்கச்சி. பாருங்க."

முதல் படத்தில் போர்டுக்கு இடது பக்கம், உயரத்தில் பள்ளிக்கூடத்தின் நீலக் கூரை தெரிந்தது. அம்பு இடது பக்கம் காட்டியது. அவர் விரலால் தள்ளினார். அடுத்த படம் கீழே, ஓடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் இருந்து ஏறி வருகிற வழியில் நின்று எடுத்தது. அதில் நீலக் கூரை வலது பக்கம் இருந்தது. அம்பு இடது பக்கம் காட்டியது.

யசோதினி போனை வாங்கி முதல் படத்துக்குப் போனாள். திரும்ப இரண்டாவதுக்கு வந்தாள். பைல் அனுப்பியவர்கள் திருப்பியதே சரி. அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவனுக்கு அது அப்படித்தான் திரும்ப வேண்டும். தெரியாமல் நடந்த பிழை அதில் எதுவுமே இருக்கவில்லை, அவள் கை வைக்கும் வரைக்கும்.

"அண்ணே, இது மடுவத்துப் பக்கம் காட்டுது" என்றாள்.

ஜெயரூபன் குனிந்து பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவள் கையிலிருந்த அவருடைய போன் மணி அடித்தது. தோட்டத்திலிருந்து. அவர் அதை வாங்கிக் கேட்டுக்கொண்டே நிமிர்ந்து நின்றார். "லயத்து ஆளுகளக் கெளப்புறாங்களாம். மேல மண்ணு நகருதாம்."

அவள் அம்மாவுக்குப் போன் எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஸமீம் நானா விஷயத்தைக் கேட்டுவிட்டு வெளுத்துப் போனார். "யா அல்லாஹ்... நான்தானே போடச் சொன்னன்" என்றார். பிறகு, "நீங்க போங்க தங்கச்சி. பெரகலப் பக்கத்துக்கும் இதே போர்டுதானே போச்சு, நான் போன் பண்ணிச் சொல்றன்" என்று நம்பரைத் தேடினார்.

ஜெயரூபனின் மோட்டார் சைக்கிளில் அந்தப் பாதை அன்று முடிவதாக இல்லை. ஒவ்வொரு வளைவிலும் சிவப்புத் தண்ணீர் ரோட்டைக் கடந்து பாய்ந்தது. யசோதினி வேண்டுதல் எதுவும் சொல்லவில்லை. அம்மா வீட்டில் இருந்திருந்தால் முன்பக்கம்தானே பார்த்திருப்பாள், வீட்டில்தான் இருந்திருப்பாள் என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் லயமே கூடியிருந்தது. நனைந்த கம்பளிகள், பானைகள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. முகம் முகமாகத் தேடினாள். பக்கத்து வீட்டு இராசையா மாமாதான் எழுந்து வந்தார்.

"அம்மா எங்க மாமா?"

"மாட்டுக்குப் புல்லறுக்கக் கீழ போச்சும்மா. ஸ்பீக்கர்ல கத்துனது கேட்டிருக்கும். வர்ற வழியில போர்டு இருக்கு, அதப் பார்த்து வந்துரும்னுதான்..." அவர் மேலே பேசுமுன் அவள் இறங்கி ஓடிவிட்டாள்.

போர்டைத் தாண்டும்போது அவள் அதைப் பார்க்கவில்லை. மடுவத்துக்குப் போகும் பாதை பாதையாகவே இல்லை, சேற்றில் சறுக்கிச் சறுக்கி இறங்கினாள். ஓடையின் இரைச்சலுக்குள் கற்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்டது. கொட்டகையின் தகரத்துக்கு அடியில், புல்லுக் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரியாயி முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா? மத்தவங்கள எங்கடி? ஒருத்தரையும் காணோம். நான் ஒருத்திதான் சொன்னபடி வந்திருக்கேன் போல."

"அம்மா, எந்திரிம்மா. எந்திரி!"

"இருடி, இதானே எடம்..."

யசோதினி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். புல்லுக் கட்டை எடுக்கக் கூட விடவில்லை. பெரியாயி வழி முழுக்கத் திட்டிக்கொண்டே ஏறினாள். பெத்த தாயை மாடு மாதிரி இழுக்கிறாளே என்றாள். போர்டு இருக்கிற இடத்துக்கு வந்தபோது இருவருக்கும் மூச்சு முட்டியது. அம்பு அவர்களை வந்த வழிக்கே திரும்பிப் போகச் சொல்லிக்கொண்டு மழையில் பளபளத்தது.

யசோதினி பையிலிருந்து ஸ்டிக்கர் உரிக்கிற கத்தியை எடுத்து அம்பின் மேல் இழுத்தாள். நல்ல ஸ்டிக்கர், லேசில் வராது. நகத்தால் பிய்த்தாள்.

பெரியாயி பதறிப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏண்டி கிறுக்கி! கிழிக்காதடி. நீ பார்த்த போர்டுடி இது. மேல பள்ளிக்கூடத்துக்குப் போவோமான்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறம், கீழ இருந்து வர்றவங்களுக்கு வேற எடம் போல, எம் மக பார்த்து அனுப்புனதாச்சே, அவளுக்குத் தெரியாததான்னுதானே அங்க போய் உக்காந்தேன்!"

அப்போது கால்களுக்கு அடியில் நிலம் அதிர்ந்தது. கீழே, மழைத் திரைக்குள், மரங்கள் நின்றபடியே நகர்ந்தன. மடுவத்துத் தகரம் ஒரு தரம் மடங்கி வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு மண் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. பெரியாயி மகளின் மணிக்கட்டை விடவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது.

பிறகு பெரியாயி போர்டைப் பார்த்தாள். சுற்றிப் போய் மறுபக்கத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து, பாதி பிய்ந்த அம்பைப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள், ஆனால் அம்பு தெரியும்.

"நான்தாம்மா மாத்துனேன்" என்றாள் யசோதினி.

பெரியாயி ஈர முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள், அன்றைக்குப் போர்டைத் துடைத்த மாதிரியே. யசோதினி அழ ஆரம்பித்தாள். பைக்குள் போன் அடித்தது. ஸமீம் நானா.

"தங்கச்சி, அம்மா கெடைச்சாவா?"

"கெடைச்சிட்டாங்க, நானா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மழை அந்தப் பக்கத்திலும் பெய்கிற சத்தம் கேட்டது. "பெரகலப் பக்கம் லைன் போவுதில்ல, தங்கச்சி. நானும் விட்டு விட்டு அடிக்கிறன். ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்ல."